டைமார்ஃபாந்தெராவை இனங்காணும் முறை

நியூகினியின் மலைக்காடுகளில் மரங்களின்மேல் சாய்ந்து படர்ந்தேறும் டைமார்ஃபாந்தெரா, புளூபெர்ரியும் ரோடோடென்ட்ரானும் அடங்கிய எரிகேசியே குடும்பத்துப் பேரினமாகும். 80-க்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட இதைச் சிவந்த பூங்கொத்தை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது. ஏனெனில் அதே காடுகளில் சிவந்த குழல் வடிவப் பூக்களுடன் புல்லுருவிகளும் ரோடோடென்ட்ரான்களும் வளர்கின்றன. எனவே ஒரு கைலென்ஸ், கூரிய பிளேடு, மெல்லிய ஊசி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிளையைப் பாருங்கள். கட்டைத்தன்மை கொண்ட தண்டில் பற்றுக்கம்பிகள் இருக்காது. தடித்த, தோல் போன்ற இலைகள் மாற்றடுக்கில் அமைந்திருக்கும். இலையடிச் செதில்கள் இரா. இலையின் அடிப்பகுதியை ஒட்டியே சில முதன்மை நரம்புகள் கிளம்பி, நுனியை நோக்கி வளைந்து செல்லும். இதே நரம்பமைப்பு மெடினில்லா என்னும் வேறொரு குடும்பத்துச் செடியிலும் உண்டு என்றாலும், அதன் இலைகள் பெரும்பாலும் எதிரெதிராகவே அமைந்திருப்பதால் குழப்பம் எளிதில் தீரும். புல்லுருவியோ தான் ஒட்டியுள்ள மரத்தின் கிளைக்குள்ளேயே உறிஞ்சுவேரைச் செலுத்தியிருக்கும்.

அடுத்து ஒரு பூவைக் காம்போடு சேர்த்து நெடுக்குவாக்கில் பிளந்து பாருங்கள். சூற்பை அல்லிக்குழலுக்குக் கீழே, புல்லிவட்டத்தோடு ஒட்டியபடி இருந்தால் ரோடோடென்ட்ரானை ஒதுக்கிவிடலாம். அதன் சூற்பை குழலுக்கு உள்ளே, மேல்மட்டத்தில் இருக்கும். காய் கிடைத்தால் இன்னும் நல்லது: ரோடோடென்ட்ரானின் காய் உலர்ந்து வெடிக்கும், இதுவோ உச்சியில் புல்லிவட்டத்தின் எச்சத்தைத் தாங்கிய சதைக்கனி.

இனி வருவதே தீர்ப்புச் சொல்லும் படி. இங்கே அவசரப்பட வேண்டாம். சூலகத்தண்டைச் சுற்றி நெருங்கி நிற்கும் 10 மகரந்தத்தாள்களை ஊசியால் மெதுவாகப் பிரித்து, வரிசை கலையாமல் விரித்து வையுங்கள். பெரிய ஒன்று, சிறிய ஒன்று என மாறிமாறி இரு வடிவ மகரந்தப்பைகள் தென்பட்டால் அது டைமார்ஃபாந்தெராதான். 'இருவடிவ மகரந்தப்பை' என்பதே அப்பெயரின் பொருள். உறவுப் பேரினமான அகபெடிஸில் அவை ஒரே அளவாக இருக்கும்.

உலர்ந்த மாதிரியாக இருந்தால், பூவைச் சற்று நேரம் வெந்நீரில் இட்டு இளக்கிய பிறகே பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மகரந்தப்பைகள் நொறுங்கிப்போகும். புதிய பூவின் நிறத்தைப் பறித்தவுடனேயே குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உலர்ந்ததும் அது கறுத்துவிடும்.