வலி வேறிடத்தில் தெரியும் குடல்வால் அழற்சி: கண்டறிதலும் அறுவையும்

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றில் வந்து நிற்கும் வலி நம்மை அதிகம் குழப்பாது. குழப்புவது மற்றவைதான். குடல்வாலின் அடி, பெருங்குடலின் தொடக்கப் பையான சீக்கத்தோடு ஒட்டியே இருக்கும். நுனிதான் எங்கும் போய்ப் படுத்திருக்கும். எந்த உறுப்பை நுனி தொடுகிறதோ, அந்த உறுப்பின் நோய்போலவே வலி வரும்.

நுனி சீக்கத்துக்குப் பின்னால் இருந்தால் முன்வயிறு இளகியே இருக்கும், வலி விலாவுக்குக் கீழே முதுகுப்புறமாக. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் சிறுநீர்க்குழாய் அருகிலிருப்பதால் சிறுநீரில் சீழணுக்களும் சில சிவப்பணுக்களும் தெரியலாம். அதைப் பார்த்துச் சிறுநீர்த் தொற்று என மாத்திரை எழுதி அனுப்பிவிடாதீர்கள். இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து வலது தொடையைப் பின்னுக்கு நீட்டிப் பாருங்கள். வலித்தால், முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் சோயாஸ் தசைமேல் அழற்சி இருக்கிறது.

நுனி இடுப்புக்குழியில் தொங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேதி, அடிக்கடி சிறுநீர். இங்கே மலக்குடலில் விரல் வைத்துப் பார்க்காமல் விடுவது பெரிய பிழை.

கர்ப்பிணிகளுக்கு மாதம் ஏற ஏற வலி மேலேறிப் பித்தப்பை வலிபோல் தோன்றலாம். கர்ப்பத்தில் வெள்ளணு இயல்பாகவே கூடுவதால் அந்த எண்ணை நம்ப முடியாது. முதலில் அல்ட்ராசவுண்ட், தெளிவில்லை என்றால் கடோலினியம் என்ற சாய மருந்து இல்லாமல் எம்ஆர்ஐ. குடல்வால் வெடித்தால் சிசுவை இழக்கும் ஆபத்து மிகவும் கூடும், ஆகவே காத்திருக்க வேண்டாம். லேப்ராஸ்கோபி என்னும் துளைவழி அறுவையை எந்த மும்மாதத்திலும் செய்யலாம்: மேசையை இடப்பக்கம் சாய்த்து, கருப்பை உச்சிக்கு மேலே திறந்த முறையில் முதல் துளையிட்டு, வயிற்றை உப்பவைக்கும் வாயுவின் அழுத்தம் 10 முதல் 15 மி.மீ. பாதரசத்துக்குள்.

முதியவருக்குக் காய்ச்சலே இல்லாமல் போகலாம். சிடி எடுங்கள், சீக்கப் புற்று அடைத்தும் இதே அழற்சி வரும். இடப்பக்க வலியா? மார்பு எக்ஸ்ரேயில் இதயம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்; உறுப்புகள் பக்கம் மாறிப் பிறந்தவருக்கு வாலும் இடப்பக்கம் இருக்கும்.

பதிவான முதல் குடல்வால் நீக்கமே இப்படி இடம் மாறிய ஒன்றுதான்: 1735இல் லண்டனில் கிளாடியஸ் அமியாண்ட், ஒரு சிறுவனின் விதைப்பைக் குடலிறக்கத்துக்குள் அதைக் கண்டார். இன்று அத்தகைய குடலிறக்கத்தில் அழற்சியுள்ள வால் இருந்தால் குடலிறக்கத்தை அடைக்கும் செயற்கை வலை வைக்காமல் தையல் மட்டும் போடுவதே பாதுகாப்பு.

அறுவையில் வாலைத் தேடி அலையாதீர்கள். சீக்கத்தின் தசைப்பட்டைகளைக் கீழ்நோக்கித் தொடருங்கள். மூன்றும் கூடுமிடமே அடி. நுனி பின்னால் புதைந்திருந்தால் சீக்கத்தின் வெளிப்பக்கப் பெரிட்டோனியம் என்ற வயிற்று உட்சவ்வை வெட்டி, சீக்கத்தை உள்நோக்கித் திருப்புங்கள். அப்போதும் வெளிவரவில்லை என்றால் அடியை முதலில் கட்டி அறுத்து, ரத்தக்குழாய்களைக் கட்டியபடி நுனிக்குச் செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் இழுத்தால் சிறுநீர்க்குழாய் அறுபடும். மிச்சத் தண்டு 5 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமாக விட்டால் அதிலேயே மீண்டும் அழற்சி வரும். அடி அழுகியிருந்தால் கட்டு நிற்காது. சிறுகுடல் வாயை நெரிக்காமல், சீக்கத்தின் நல்ல விளிம்போடு சேர்த்து ஸ்டேப்ளர் போடுங்கள்.

எடுத்த வாலைத் தவறாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி 2 செ.மீ.க்கு மேலிருந்தால் வலப் பெருங்குடலை நீக்குவது பற்றி நோயாளியிடம் பேச வேண்டிவரும்.