பழைய கர்னலை மாற்றலாமா, அப்படியே விடலாமா? எம்பெடட் கருவிகளுக்கு ஐந்து படிகளில் ஒரு முடிவு

எம்பெடட் போர்டுக்குள் (ஒரு கருவிக்குள் பொதிந்த சிறு கணினி) நுழைந்து, கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளையைக் கொடுத்தால் 4.14 என்று வருகிறது. அந்த லினக்ஸ் தொடருக்கான ஆதரவு 2024 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. உடனே புதியதை ஏற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. இந்தக் கருவியை யாரால் எட்ட முடியும், ஏற்றியது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் முதலில் விடை வேண்டும்.

படி 1: ஓடுவது என்ன?

பதிப்பு எண், பூட்லோடர் (கர்னலை ஏற்றித் தொடங்கும் நிரல்) கொடுக்கும் கட்டளை வரி, ஏறியிருக்கும் மாட்யூல்களின் (கர்னலோடு தேவைக்கேற்ப இணையும் துண்டுகள்) பட்டியல் ஆகிய மூன்றையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு மூலநிரல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சிப் தயாரித்தவர் தந்த கர்னலில் அவர்களே சேர்த்த மாற்றங்கள் ஏராளமாக இருக்கும். அந்த மூலநிரலும், எந்த வசதிகள் இயக்கப்பட்டுள்ளன என்று சொல்லும் கான்ஃபிக் கோப்பும் கிடைக்கவில்லை என்றால் முதலில் அவற்றைத் தேடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 2: யாரால் எட்ட முடியும்?

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. பாதுகாப்பு ஓட்டைகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. மூன்றை எடுத்துப் பார்ப்போம்.

2019 ஜூனில் வெளியான சாக் பேனிக், டிசிபி இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்தே கர்னலை நிலைகுலைய வைக்கக்கூடியது. டிசிபி போர்ட் திறந்திருக்கும் பழைய கருவிக்கு இது நேரடி ஆபத்து. 2016-ல் வெளியான டர்ட்டி கவ், 2007-ல் வந்த 2.6.22 முதலே கர்னலில் இருந்தது. ஆனால் அதைப் பயன்படுத்த, தாக்குபவரின் நிரல் ஏற்கெனவே கருவிக்குள் ஓட வேண்டும். 2022-ல் வெளியான டர்ட்டி பைப் 5.8-ல்தான் நுழைந்தது. அதனால் 4.14-க்கு அதனால் பாதிப்பே இல்லை!

ஆகவே ஒவ்வொரு ஓட்டைக்கும் மூன்றைக் கேளுங்கள்: அந்தப் பகுதி நம் பதிப்பில் இருக்கிறதா, நம் கான்ஃபிக்கில் இயக்கப்பட்டிருக்கிறதா, வெளியிலிருந்து அதைத் தொட முடியுமா? வலையோடு இணையாமல் பூட்டிய பெட்டிக்குள் மோட்டார் ஓட்டும் போர்டும், இணையத்தைப் பார்த்து நிற்கும் ரவுட்டரும் ஒரே கர்னலை ஓட்டினாலும் விடை வேறாகத்தான் வரும்.

படி 3: எவ்வளவு தூரம் தாவ வேண்டும்?

4.19.60 ஓடுகிறது என்றால் அதே தொடரின் கடைசி வெளியீடான 4.19.325 வரை போவது சிறிய அடி. பல ஆண்டுத் திருத்தங்கள் ஒன்றாகக் கிடைக்கும்; தனியாக வைத்திருக்கும் டிரைவர்களும் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்) மறுபடி தொகுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். புதியவர்கள் இதை மறந்துவிட்டு நேராக 6.1-க்குத் தாவப் பார்க்கிறார்கள். முதலில் இந்தச் சிறிய அடியை வைத்துவிடுங்கள் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

தொடரையே மாற்றுவது வேறு கதை. பயன்பாட்டு நிரல்கள் உடையக்கூடாது என்பது கர்னல் குழுவின் கண்டிப்பான விதி. உள்ளே இருக்கும் டிரைவர் இடைமுகங்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. 4.15-ல் செட்டப்_டைமர் என்ற உள் செயல்கூறு நீக்கப்பட்டதும் அதை அழைத்த வெளி டிரைவர்கள் தொகுக்கும்போதே நின்றுபோயின. மூலநிரல் இல்லாமல் பைனரியாக மட்டும் கிடைத்த மாட்யூல் ஒன்று இருந்தாலும் தாவல் அநேகமாக அங்கேயே முடிந்தது.

இடைவழியும் உண்டு. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இயங்கும் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் 4.19, 5.10, 6.1 போன்ற சில தொடர்களைப் பத்தாண்டு அளவுக்குப் பராமரிக்கிறது.

படி 4: திரும்பும் வழி

பழையதும் புதியதும் தனித்தனியே இருக்க இரண்டு பார்டிஷன்கள் (சேமிப்பகப் பிரிவுகள்), புதியது எழாவிட்டால் பழையதற்கு மாறும் பூட்லோடர், உறைந்தால் மீட்டெழுப்பும் வாட்ச்டாக் ஆகியவை வேண்டும். யு-பூட் என்ற பூட்லோடரில் பூட் முயற்சிகளை எண்ணும் வசதி இதற்காகவே இருக்கிறது. இவை இல்லாமல், கையால் எட்ட முடியாத இடத்தில் இருக்கும் கருவியில் கர்னலை மாற்றாதீர்கள். சோதிக்கும்போது அப்டேட் நடுவே மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பாருங்கள்.

படி 5: முடிவு

வெளியிலிருந்து எட்ட முடியும், திரும்பும் வழியும் இருக்கிறது என்றால் மாற்றுங்கள். எட்ட முடியும், ஆனால் திரும்பும் வழி இல்லை என்றால் முதல் வேலை அந்த வழியை அமைப்பது. அதுவரை தேவையற்ற போர்ட்களை மூடி, கருவியைத் தனி வலையில் ஒதுக்கி, அவசியமான பேட்ச்களை (திருத்தங்களை) மட்டும் பழைய கர்னலுக்குக் கொண்டுவாருங்கள். சாக் பேனிக்கைப் பொறுத்தவரை டிசிபியில் எந்தப் பகுதிகள் வந்து சேர்ந்தன என்று அறிவிக்கும் சாக் வசதியை அணைத்தாலே தற்காலிகப் பாதுகாப்பு கிடைக்கும்.

யாராலும் எட்ட முடியாத கருவியை அப்படியே விடலாம். ஆனால் 32-பிட் கருவி என்றால் அதன் ஆயுளையும் கணக்கிடுங்கள். 2038 ஜனவரி 19-ல், நொடிகளை 32-பிட் எண்ணில் வைக்கும் பழைய நேரக் கணக்கு நிரம்பி வழியும். 32-பிட்டில் அதைத் தாண்டுவதற்கான கர்னல் பக்க வேலை 5.6-ல்தான் முழுமை பெற்றது. சி நூலகமும் பயன்பாட்டு நிரல்களும் கூட 64-பிட் நேரத்துக்கு மாறியிருக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகும் ஓட வேண்டிய கருவி என்றால் விட்டுவைப்பது தள்ளிப்போடுவது மட்டுமே. மாற்றும் ஆண்டை இப்போதே குறித்துவையுங்கள்.