கிரேக்கமா ஸ்பானியமா? காதாலேயே பிரிப்பது எப்படி

ஸ்பானிய வர்ணனையோடு கால்பந்து பார்த்துப் பழகிய ஒருவர் முதல்முறையாகக் கிரேக்க ரேடியோவைக் கேட்டால், "இதுவும் ஸ்பானியம்தானே, அப்புறம் ஏன் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை?" என்றுதான் யோசிப்பார். குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் பந்து விளையாட்டும் உண்டு, கப்பல் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு, அதனால் இங்கே இந்தச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. களியக்காவிளை பஸ்ஸில் இஞ்சின் இரைச்சலுக்கு நடுவே பின் சீட்டுப் பேச்சைக் கேட்கும்போது தமிழா மலையாளமா என்று குழம்புவோமே, அதே மாதிரிதான். ஆனால் தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு. கிரேக்கமும் ஸ்பானியமும் அப்படி இல்லை: ஸ்பானியம் லத்தீனிலிருந்து வந்தது, கிரேக்கம் இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை.

முதலில் எது ஒன்றுபோல இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அதை வைத்துப் பிரிக்க முடியாது. இரண்டிலும் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர் ஒலிகள். நமக்குக் கல் வேறு, கால் வேறு. அங்கே நீளத்தை வைத்துப் பொருள் மாறாது. பழைய லத்தீனிலும் பழைய கிரேக்கத்திலும் குறில் நெடில் இருந்தது, இரண்டுமே தனித்தனியாக அதை இழந்துவிட்டன. ப, த, க ஒலிகளில் ஆங்கிலத்தில் போல மூச்சுக் காற்று சேராது, நாம் சொல்வது போலவே வரும். ஸகரம்கூட ஸ்பெயினின் வட, நடுப் பகுதிகளிலும் கிரீஸிலும் கொஞ்சம் ஷகரம் பக்கம் சாய்ந்து ஒலிக்கும். ஆங்கிலத்தில் 'தேங்க்ஸ்' என்னும்போது நாக்கு பல்லைத் தொட்டு வரும் காற்றொலி கிரேக்கத்திலும் உண்டு, ஸ்பெயின் தலைநகர் மத்ரித் பக்கத்து 'கிராத்தியாஸ்' (நன்றி) என்ற சொல்லிலும் உண்டு, ஆனால் மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ அது வெறும் 'கிராசியாஸ்'. ஆகவே அதிகம் குழப்புவது ஸ்பெயின் நாட்டுப் பேச்சுதான்.

இன்னொன்று, இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கும். 'பந்து' என்னும்போது தகரம் அழுத்தமாகவும், 'அது' என்னும்போது இளகியும் வருகிறது இல்லையா? ஸ்பானியத்திலும் அதே சட்டம்: 'தோந்தே' என்பதில் மெல்லினத்துக்குப் பின் அழுத்தம், 'நாதா' என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே இளக்கம். கிரேக்கத்தில் அந்த இளகிய ஒலி சொல்லின் தொடக்கத்திலேயே வரும், ஆனால் ஐந்து என்பதற்கு அவர்கள் சொல்லும் 'பெந்தே' நம் 'ந்த' மாதிரியே அழுத்தமாக ஒலிக்கும். நம் காதுக்கு இதெல்லாம் பழக்கமான ஒலிகள்தான், அதனால் பயப்படாமல் உட்காருங்கள்.

1492ல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் பலர் இன்றைய கிரீஸில் உள்ள தெசலோனிகி நகரில் குடியேறி, 20ஆம் நூற்றாண்டு வரை தங்கள் ஸ்பானியத்தை அங்கே பேசினார்கள். அதனால்தான் ஒலி ஒட்டிக்கொண்டதோ என்று கேட்கத் தோன்றும். இல்லை. ஐந்து உயிர் அமைப்பு அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது, 'கிராத்தியாஸ்' காற்றொலியோ அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஸ்பெயினில் உருவானது, அவர்கள் பேச்சில் அது கிடையாது.

சரி, பிரிப்பது எப்படி? ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லிக் கேளுங்கள். கிரேக்கத்தில் ஆறு, ஏழு, எட்டு என்பவை 'எக்ஸி, எஃப்தா, ஒக்தோ', மெய்யோடு மெய் இடிக்கும். ஸ்பானியத்தில் 'செயிஸ், சியேத்தே, ஒச்சோ', எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். சொல்லின் தொடக்கத்திலும் இதே கதை: ரொட்டிக்குக் கிரேக்கர் 'ப்ஸோமி' என்பார், நிலையத்துக்கு 'ஸ்தத்மோஸ்' என்பார். ஸ்பானியரால் ஸகரத்தோடு இன்னொரு மெய்யைச் சேர்த்துச் சொல்லைத் தொடங்க வராது, நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்பது போல முன்னால் ஓர் உயிரைப் போட்டு 'எஸ்தாசியோன்', 'எஸ்குவேலா' என்றுதான் சொல்வார்கள். 'புவேனோ', 'புவேர்த்தா', 'நுவேவே' என்று 'உவே' அடிக்கடி காதில் விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பானியம் என்று சொல்லலாம். வண்டு ரீங்காரம் போன்ற ஓசையோடு சொற்கள் தொடங்கினால் கிரேக்கம், வாழ்க்கை என்பதற்கான 'ஸோயி' அப்படித்தான் தொடங்கும்.

'ஓஸ்' என்ற ஈற்றை மட்டும் நம்பாதீர்கள், அது இரண்டிலும் கொட்டிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். 'லோஸ் அமீகோஸ்' என்றால் நண்பர்கள், பன்மை. 'ஓ ஃபீலோஸ்' என்றால் ஒரே ஒரு நண்பர், அது கிரேக்கம். 'கே' என்ற குட்டிச் சொல்லும் அப்படித்தான், இரண்டு மொழியிலும் நிமிடத்துக்கு நாலு தடவை வரும், அதை விட்டுவிடுங்கள். ஸ்பானியத்துக்கு 'எல்', 'லா', 'லோஸ்' பிடியுங்கள், கிரேக்கத்துக்கு 'நா', 'தென்', 'ஈனே' பிடியுங்கள்.

பயிற்சிக்குப் பாட்டு வேண்டாம், மெட்டு சொல்லின் அழுத்தத்தை இழுத்துவிடும். இரண்டு நாட்டுப் பொது வானொலிகளின் செய்திகளை இணையத்தில் மாறி மாறிப் போடுங்கள், பொருளைத் தேடாமல் முதலில் சொல்லின் தொடக்கத்தை மட்டும், அது பழகியதும் குட்டிச் சொற்களை மட்டும் கேளுங்கள். லத்தீன் அமெரிக்க நிலையங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.