யூகே வொர்க் விசாவுக்கு இங்கிலீஷ் டெஸ்ட்: காசு கட்டுறதுக்கு முன்னாடி இதப் படிச்சிடுங்க

போன மாசம் பெங்களூரு ஹலசூர்ல என் மச்சினன் ரூமுக்குப் போயிருந்தேன், லண்டன் கம்பெனி ஒண்ணு ஸ்பான்சர் பண்றேன்னு சொல்லிட்டாங்களாம், பையன் செம குஷியில இருந்தான். இங்கிலீஷ் டெஸ்ட் புக் பண்ணிட்டியாடான்னு கேட்டா, "மாமா, டெய்லி நாலு மணி நேரம் கிளையன்ட் கால்ல இங்கிலீஷ்ல தான் கத்திட்டு இருக்கேன், எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?"ன்னான். நானும் ஒரு காலத்துல இப்படித்தான் பேசிட்டு இருந்தேன். விசா ஆபீஸருக்கு உங்க கிளையன்ட் கால் கேக்காதுங்க, அவங்களுக்குத் தேவை பேப்பர். எந்தப் பேப்பர், எந்த லெவல், எந்தப் பேர்ல, அவ்ளோதான் மேட்டர்.

நான் சொல்லப் போறது யூகே ஸ்கில்டு வொர்க்கர் விசா பத்தி மட்டும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 5 வருஷம் குடுப்பாங்க. அமெரிக்கா எச்1பிக்கு இந்த மாதிரி டெஸ்ட் கிடையாது, அதனால அமெரிக்கா போன ஃப்ரெண்டு சொல்றத வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஸ்டெப் 1: டெஸ்ட் வேணுமா வேணாமான்னு பாருங்க

இந்தியா பாஸ்போர்ட்டுக்கு ஆட்டோமேட்டிக் விலக்கு இல்ல. ஆனா நம்மாளுங்க பாதிப் பேருக்குத் தெரியாத வழி ஒண்ணு இருக்கு: டிகிரி ஃபுல்லா இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருந்தா டெஸ்ட் இல்லாமலே போகலாம். அதுக்கு எக்டிஸ்னு ஒரு யூகே அமைப்பு இருக்கு, அவங்க உங்க டிகிரி யூகே பேச்சலர் டிகிரிக்கு சமம், இங்கிலீஷ்லதான் நடத்துனாங்கன்னு உறுதி பண்ணணும். டிகிரி சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல அனுப்பணும், இங்கிலீஷ் மீடியம்னு காலேஜ் லெட்டர் கேட்டாலும் கேப்பாங்க. ஊர்ல இருக்கிற காலேஜ்ல அந்த லெட்டர் வாங்குறதுக்குள்ள ரெண்டு தடவ ஓசூர் பஸ் ஏற வேண்டி வரும், சீக்கிரமே ஆரம்பிங்க. டிப்ளமோ மட்டும் இருந்தா இந்த வழி கிடையாது.

நர்ஸ், டாக்டருக்கு தனிக் கதை. அங்க ரிஜிஸ்டர் ஆகுறதுக்கு அவங்க கவுன்சில் ஒத்துக்குற இங்கிலீஷ் டெஸ்ட் எழுதிப் பாஸ் ஆகியிருந்தா விசாவுக்குன்னு தனியா எழுத வேணாம்.

ஸ்டெப் 2: லெவல் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

இங்கிலீஷ் எவ்ளோ தெரியும்னு அளக்குறதுக்கு பி1, பி2ன்னு லெவல் வெச்சிருக்காங்க, பி2 தான் கஷ்டமானது. முன்னாடி பி1 இருந்தாலே போதும்னு இருந்துச்சு. 2026 ஜனவரி 8ல இருந்து புதுசா அப்ளை பண்றவங்களுக்கு பி2 ஆக்கிட்டாங்க. நம்மாளுங்க அதிகமா எழுதுற இங்கிலீஷ் டெஸ்ட் ஐஇஎல்டிஎஸ், அதோட மார்க் கணக்குல பி1க்கு 4.0, பி2க்கு 5.5. பழைய யூடியூப் வீடியோ பாத்துட்டு நாலு போதும்னு இருந்துடாதீங்க.

இதுல முக்கியமானது, 5.5ங்கிறது சராசரி இல்ல, லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் ஒவ்வொண்ணுலயும் வாங்கணும். மூணுல 7 வாங்கிட்டு ரைட்டிங்ல 5 வந்தா ஓவரால் 6.5 ஆகும், பாக்க அழகா இருக்கும், விசாவுக்கு உதவாது.

ஸ்டெப் 3: புக் பண்ற ஸ்க்ரீன்ல கண்ண நல்லா தொறந்து வெச்சுக்கோங்க

இங்கதான் நான் விழுந்தேன். மாரத்தஹள்ளி பக்கம் ஒரு கன்சல்டன்சில "ஐஇஎல்டிஎஸ் ஐஇஎல்டிஎஸ்தான் சார், எதுவானாலும் ஓகே"ன்னு சொன்னாங்க, நானும் நம்பி சாதா ஐஇஎல்டிஎஸ் எழுதி நல்ல மார்க்கும் வாங்கிட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது யூகே வொர்க் விசாவுக்கு "ஐஇஎல்டிஎஸ் ஃபார் யூகேவிஐ"ன்னு (யூகேவிஐன்னா யூகே விசா ஆபீஸ்) தனியா இருக்கிறத எழுதுனாதான் செல்லும்னு. பதினஞ்சாயிரத்துக்கு மேல போச்சு. கேள்வி மாதிரி, மார்க் போடுற விதம் எல்லாம் ஒண்ணுதான், ஆனா இதுக்கு சென்டர்ல பாதுகாப்பு கெடுபிடி ஜாஸ்தி. 2014ல பிபிசி டிவி நிகழ்ச்சி ஒண்ணுல லண்டன் சென்டர்ல ஆள் மாத்தி டெஸ்ட் எழுதுனது அம்பலமாச்சு, அதுக்கப்புறம் ரொம்ப இறுக்கிட்டாங்க. ஐஇஎல்டிஎஸ்க்கு பதிலா பியர்சன் கம்பெனி நடத்துற பிடிஇ டெஸ்ட் எழுதுறவங்களும் "பிடிஇ அகாடமிக் யூகேவிஐ"தான் எடுக்கணும், அதுல பி2க்கு ஒவ்வொண்ணுலயும் 59.

அடுத்து பேரு. நம்ம இனிஷியல் பிரச்சனை இருக்கே, ஸ்கூல் சர்டிபிகேட்ல "எஸ். குமார்"னு இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம்ல போய் உக்காந்திருக்கும். பாஸ்போர்ட்ல எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கோ அப்படியே ஃபார்ம்ல போடுங்க. சர்நேம் கட்டம் காலியா இருக்கிற பாஸ்போர்ட்டா இருந்தா, காசு கட்டுறதுக்கு முன்னாடி சென்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க. டெஸ்ட் அன்னிக்கும் பாஸ்போர்ட்தான், ஆதார் காட்டுனா உள்ள விட மாட்டாங்க.

ஐஇஎல்டிஎஸ்ல ரெண்டு வகை இருக்கு, புக் பண்றப்ப அகாடமிக்கா ஜெனரலான்னு கேக்கும், விசாவுக்கு ரெண்டும் ஓகே. ஜெனரல்ல ரீடிங் ஈஸின்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா ரீடிங்ல 6.0 ஸ்கோர் வாங்க, மொத்தம் 40 கேள்வில அகாடமிக்ல சுமாரா 23 சரியா இருந்தா போதும், ஜெனரல்ல 30 வேணும். ரைட்டிங்ல அகாடமிக்னா கிராஃப், ஜெனரல்னா லெட்டர். ஆபீஸ்ல மெயில் தட்டிப் பழகுனவங்களுக்கு ஜெனரல்தான் சரி, இது என் கருத்து.

ஸ்டெப் 4: ப்ராக்டிஸ்

ரீடிங் ஒரு மணி நேரம், டைம் வெச்சு நாலஞ்சு மாடல் டெஸ்ட் போடுங்க, போதும். லிசனிங்ல ஆடியோ ஒரே ஒரு தடவதான் ஓடும், கடைசில வர்ற "எஸ்" விட்டாலும் அந்த மார்க் போச்சு, ஸ்பெல்லிங் தப்பானாலும் போச்சு. "டபுள் ஃபோர்"னு சொன்னா 44, இத எழுதத் தடுமாறுறவங்கள பாத்திருக்கேன்.

நம்மாளுங்க மாட்டுறது ரைட்டிங்ல. ஒரு மணி நேரத்துல ரெண்டு எழுதணும், முதல்ல அந்த கிராஃப் இல்ல லெட்டர் 150 வார்த்தை, ரெண்டாவது கட்டுரை 250. ரெண்டாவதுக்கு டபுள் வெயிட்டேஜ், அதனால அதுக்கு 40 நிமிஷம் ஒதுக்குங்க. மச்சினன்கிட்ட ஒண்ணு எழுதச் சொன்னேன், பய புல்லட் பாயின்ட் போட்டு, கடைசில "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்"னு முடிச்சிருந்தான். எனக்கு சிரிப்பு தாங்கல. ஆபீஸ் மெயில் பழக்கம் லெட்டருக்கு உதவும், கட்டுரைக்கு உதவாது, அங்க பாரா பாராவா முழு வாக்கியமா எழுதணும்.

ஸ்பீக்கிங் 11ல இருந்து 14 நிமிஷம். நடுவுல ஒரு கார்டு குடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விட்டு ரெண்டு நிமிஷம் வரைக்கும் பேசச் சொல்வாங்க. எனக்கு வந்தது, நீங்க அடிக்கடி போற ஒரு இடம். நான் சில்க் போர்டு சிக்னல்ல ஒரு மணி நேரம் நின்னத பத்திப் பேசுனேன், ரெண்டு நிமிஷம் பத்தல! வெள்ளக்காரன் மாதிரி நாக்க சுழட்ட வேணாம், புரியுற மாதிரி நிறுத்தாம பேசுனா போதும்.

ஸ்டெப் 5: ரிசல்ட் வந்தப்புறம்

கம்ப்யூட்டர்ல எழுதுனா சில நாள்ல ரிசல்ட் வந்துடும். அதுல யூகேவிஐ நம்பர்னு ஒண்ணு இருக்கும், விசா ஃபார்ம்ல அதத்தான் போடணும், அவங்களே ஆன்லைன்ல செக் பண்ணிக்குவாங்க. ரிசல்ட் 2 வருஷம் செல்லும். ஆனா கம்பெனி குடுக்கிற ஸ்பான்சர்ஷிப் சர்டிபிகேட்டுக்கு ஆயுசு 3 மாசம்தான், அதுக்குள்ள அப்ளை பண்ணணும். அதனால டெஸ்ட்ட முதல்லயே முடிச்சு கையில வெச்சுக்கோங்க, சர்டிபிகேட் வந்தப்புறம் ஸ்லாட் தேடி அலையாதீங்க. கூடவே டிபி (காசநோய்) டெஸ்ட் சர்டிபிகேட்டும் வேணும், அதையும் அதே வாரத்துல முடிச்சிடுங்க.

மச்சினன் இப்ப காலேஜ் லெட்டருக்காக சேலம் போயிருக்கான், கிளர்க் லீவாம்.