காதால் தேடாதீர்கள், கண்ணால் தேடுங்கள்: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைப் பிடிக்கும் வழி

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிப்பவர்கள். பாடம் முடிந்ததும் ஒரு விளையாட்டு உண்டு. “ஐந்து எழுத்து. கே, என், எஃப் மூன்றும் இருக்க வேண்டும். என்ன சொல்?” நாளிதழ்க் குறுக்கெழுத்து, எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள், ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு வாய்ப்புக்குள் ஊகிக்கக் கைப்பேசியில் ஆடும் வேர்டில் எல்லாமே சுற்றிச் சுற்றிக் கேட்பது இதைத்தான்.

முதலில் தாளில் கட்டம் போடுங்கள். மனதுக்குள் தேடினால் தெரிந்த சொற்களே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். இடம் தெரிந்த எழுத்தைக் கட்டத்துக்குள் எழுதுங்கள். உண்டு, ஆனால் இடம் தெரியாது என்கிற எழுத்தைக் கீழே எழுதுங்கள். ஓர் இடத்தில் வராது என்று உறுதியானதை அந்தக் கட்டத்தின் தலைக்கு மேல் சின்னதாக எழுதி அடித்துவிடுங்கள்.

அடுத்து, சொல்லை உச்சரித்துப் பார்க்காதீர்கள். தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு இதுதான் கடினம். நமக்கு எழுத்தும் ஒலியும் ஏறக்குறைய ஒன்றாகவே நடக்கும், ஆங்கிலத்தில் அப்படியில்லை. கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல்லைக் காதால் தேடுகிற பிள்ளை என்-னில் தொடங்குவான். கே எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணால் தேடுகிறவனுக்கு வேறு கேள்வி: கே-யும் என்-னும் அடுத்தடுத்து வந்தால் எங்கே வரும்? கே முன்னால் நின்றால் சொல்லின் தொடக்கம். நான்காம் கட்டத்தில் எஃப் ஒன்றை வைத்தால் கே-என்-ஐ-எஃப்-ஈ தானாக விழுகிறது. என் முன்னால் வந்தால் அந்த ஜோடி பெரும்பாலும் கடைசிக்குப் போய்விடும், பேங்க், டிரிங்க் போல. அப்போது எஃப் தொடக்கத்துக்கு வரும்: எஃப்-ஆர்-ஏ-என்-கே, எஃப்-எல்-ஏ-என்-கே, எஃப்-எல்-யூ-என்-கே. மூன்றே எழுத்து கொடுத்து நான்கு விடைகள் வந்துவிட்டன. அகராதியைப் புரட்டவில்லை, ஜோடியைத் திருப்பிப் பார்த்தோம், அவ்வளவுதான்.

லோக்கல் ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு வழக்கமான இடம் இருப்பதுபோல ஆங்கில எழுத்துகளுக்கும் உண்டு. டபிள்யூ-வும் ஆர்-உம் சேர்ந்தால் பெரும்பாலும் தொடக்கம். சி-யும் கே-யும் சேர்ந்தால் தொடக்கத்தில் வராது. வி கடைசி எழுத்தாக வருவது மிக அரிது. வி நான்காம் கட்டத்தில் இருந்தால் ஐந்தாவதில் ஈ-யை எழுதிப் பாருங்கள். சால்வ், நெர்வ், கர்வ் எல்லாம் அப்படித்தான் முடிகின்றன. க்யூ-வுக்குப் பின்னால் யூ வரும். யூ இல்லாதபோதும் கைவிட வேண்டாம். ஃபக்கீர், நிகாப் இரண்டும் க்யூ உள்ள, யூ இல்லாத ஐந்தெழுத்துச் சொற்களாக ஆங்கில அகராதியில் இருக்கின்றன. எங்கள் சந்தில் இந்த இரண்டையும் அறியாத பிள்ளை கிடையாது. தம் தெருவில் கேட்கும் சொல் ஆங்கில அகராதியிலும் இருக்கிறது என்று காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உயிரெழுத்துகளுக்குத் தனிக் கணக்கு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் பட்ஸ் 1930களில் செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் ஸ்கிராபிளுக்கு வில்லைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 வில்லைகள், 2 வெற்று. ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ 4. அதாவது 98 எழுத்துகளில் 42 உயிர். ஆகவே ஐந்து கட்டங்களில் இரண்டு உயிருக்கு என்று வைத்துத் தொடங்குவது நல்லது. முதலில் ஈ, பிறகு ஏ. இந்தக் கணக்கிலேயே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி எழுத்துகள் செய்துகொண்டோம். விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஐந்து உயிர்களும் பொருந்தவில்லையா? வொய்-யை உயிரின் இடத்தில் வையுங்கள்: ஜிப்சி, நிம்ஃப், லிஞ்ச். ரிதம் என்ற ஆறெழுத்துச் சொல்லிலும் வொய் மட்டும்தான்.

நீளமான சொல் என்றால் வாலிலிருந்து தொடங்குங்கள். ஏழு எழுத்துகளில் ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவற்றைக் கடைசியில் ஒதுக்குங்கள். மீதி நான்கைப் புரட்டுவது எளிது. ஸ்கிராபிளில் கையிலிருக்கும் ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளிகள் கூடுதல்.

வேர்டிலில் ஒரு பொறி இருக்கிறது, அதில் நிறையப் பேர் விழுகிறார்கள். கடைசி நான்கு எழுத்துகள் தெரிந்துவிடும்: ஐ, ஜி, எச், அதன்பின் டீச்சர் என்பதன் முதல் எழுத்து. இனி எளிது என்று தோன்றும். ஆனால் வெளிச்சம், இரவு, சண்டை, பார்வை, வலம், வலிமை, இறுக்கம், எட்டு எல்லாவற்றுக்குமான ஆங்கிலச் சொற்கள் இப்படியே முடிகின்றன. ஒவ்வொன்றாக ஊகித்தால் ஆறு வாய்ப்பும் தீரும். அதற்குப் பதில் ஒரு வாய்ப்பைத் துணிந்து செலவழியுங்கள்: எஃப்-ஐ-எல்-எம்-எஸ். இது விடையாகாது என்று தெரிந்தேதான் போடுகிறோம். எஃப், எல், எம், எஸ் என்ற நான்கு தொடக்கங்களையும் ஒரே அடியில் சோதித்துவிடுகிறது. தெரிந்த எழுத்துகளை அடுத்த ஊகத்திலும் வைத்தே ஆக வேண்டிய கடின முறையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் இது கிடைக்காது.

எழுத்தை உள்ளிட்டால் சொற்பட்டியல் தரும் தளங்கள் இருக்கின்றன; தெரியாத கட்டத்துக்குக் கேள்விக்குறி போட்டால் போதும். நீங்களே பத்து நிமிடம் முயன்ற பிறகு பாருங்கள், தவறில்லை.

எழுத்துகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்துவராமல் நிற்கிறதா? சொல் எந்த நாட்டுடையது என்று பாருங்கள். நாம் பள்ளியில் படிப்பது பிரிட்டிஷ் முறை: கலர், ஹானர், ஹியூமர் மூன்றும் யூ-வோடு ஆறு எழுத்து. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய வேர்டிலுக்கோ அமெரிக்க முறை. அங்கே இவை ஐந்து எழுத்து. ஃபைபர் இரண்டிலும் ஐந்துதான், ஆனால் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறும். அமெரிக்கக் கட்டமென்றால் ஆர் கடைசி, பிரிட்டிஷ் கட்டமென்றால் ஈ கடைசி.