விமான நிலையங்களின் சங்கம்: எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்

விமான நிலையங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது என்றதும், அதை அரசு அமைப்பு என்றோ விமான நிறுவனங்களின் கிளை என்றோ நினைத்துக்கொள்வது சகஜம். இரண்டுமே இல்லை. விமான நிலையங்களை நடத்துபவர்கள் சந்தா கட்டி, தங்களுக்காகப் பேசுவதற்கென்று வைத்திருக்கும் அமைப்பு அது. இதை விட்டுவிட்டுப் பார்க்கும்போதுதான் மற்ற தவறுகள் வரிசையாக வருகின்றன.

முதல் குழப்பம் மூன்று அமைப்புகளை ஒன்றாகப் போட்டுக்கொள்வது. ஐ.சி.ஏ.ஓ. என்பது சிவில் விமானப் போக்குவரத்துக்கான ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அமைப்பு. 1944-ல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையிலிருந்து பிறந்தது; அதன் உறுப்பினர்கள் நாடுகள். ஐயாட்டா 1945-ல் தொடங்கிய விமான நிறுவனங்களின் சங்கம். ஏ.சி.ஐ. எனப்படும் சர்வதேச விமான நிலையங்கள் கவுன்சில் 1991-ல் வந்தது. அதுதான் உலக அளவில் விமான நிலையங்களின் குரல். மூன்றுக்கும் மாண்ட்ரியல்தான் தலைமையிடம் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. பயணச்சீட்டில் பார்க்கிறோமே, அந்த மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு, அதைக் கொடுப்பதுகூட விமான நிலையங்களின் சங்கம் இல்லை, ஐயாட்டா.

இதில் என்ன பெரிய வித்தியாசம், எல்லாரும் விமானத் துறைதானே என்று கேட்கலாம். அப்படி நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. விமான நிலையமும் விமான நிறுவனமும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தாலும், பணம் என்று வரும்போது எதிரெதிரே உட்காருகிறவர்கள். தரையிறங்கும் கட்டணம், விமானத்தை நிறுத்தி வைக்கும் கட்டணம் எல்லாம் நிலையத்துக்கு வரவு, விமான நிறுவனத்துக்குச் செலவு. கடைகள், வாகன நிறுத்தம் போன்றவற்றில் நிலையம் சம்பாதிக்கும் பணத்தை என்ன செய்வது என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. அந்த வருமானத்தையும் ஒரே கணக்கில் சேர்த்து, விமானங்களுக்கான கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்பது விமான நிறுவனங்களின் வாதம். அது தனிக் கணக்காகவே இருக்கட்டும், முதலீட்டுக்கு அந்தப் பணம் தேவை என்பது நிலையங்களின் வாதம். இரண்டையும் கலந்த முறையும் சில இடங்களில் உண்டு. எது சரி என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். ஆனால் யார் எந்தப் பக்கம் பேசுவார்கள் என்பது அநேகமாக மாறாது.

அமெரிக்காவில் இது வெளிப்படையாகவே தெரியும். அங்கே பயணிகளிடமிருந்து நிலையங்கள் வசூலிக்கும் வசதிக் கட்டணத்தின் உச்சவரம்பு, விமானம் ஏறும் ஒரு முறைக்கு 4.50 டாலர். 2000-ம் ஆண்டு சட்டத்தில் வந்த அந்த வரம்பு இன்னும் உயரவில்லை. கட்டுமானச் செலவு எங்கேயோ போய்விட்டது, உயர்த்துங்கள் என்று நிலையங்களின் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. கூடாது, டிக்கெட்டின் மொத்த விலை ஏறும் என்று விமான நிறுவனங்களின் சங்கம் எதிர்க்கிறது. ஆகவே இப்படி ஒரு விவகாரத்தில் ஒரு சங்கத்தின் அறிக்கையை மட்டும் வைத்து 'விமானத் துறை சொல்கிறது' என்று செய்தி எழுதினால், பாதித் துறையை மறைத்ததாக ஆகிவிடும். அதே சமயம், சங்கம் வாதாடுவதாலேயே அது தரும் புள்ளிவிவரம் பொய் என்று தள்ளுவதும் தவறு. எத்தனை பயணிகள், எவ்வளவு சரக்கு என்ற கணக்கு உறுப்பினர்களிடமிருந்து நேரடியாக வருவது. அதை நம்பிப் பயன்படுத்தலாம். அந்தக் கணக்கிலிருந்து 'எனவே கட்டணத்தை உயர்த்த வேண்டும்' என்று தாவும் இடத்தில்தான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

அடுத்து, சங்கம் சட்டம் போடும் என்ற எண்ணம். போடாது. விமான நிலைய வடிவமைப்புக்கான சர்வதேசத் தரங்கள், அதாவது ஓடுபாதை அகலம், விளக்குகள், பாதுகாப்புப் பகுதி போன்றவை, சிகாகோ உடன்படிக்கைக்கு ஐ.சி.ஏ.ஓ. வெளியிடும் 14-வது இணைப்பில் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தின் வழியாக நடைமுறைப்படுத்துகிறது. ஏ.சி.ஐ.க்கு அங்கே பார்வையாளர் இடம்தான், ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாததால் பயனில்லை என்று நினைத்துவிடக் கூடாது. தரத்தின் வரைவு தயாராகும் குழுக்களில் உட்கார்ந்து, 'இதைத் தரையில் செய்து காட்ட முடியாது' என்று காரணத்தோடு சொல்ல ஆள் இருப்பது பெரிய விஷயம். சங்கத்தின் உண்மையான வேலை பெரும்பாலும் இந்த மாதிரி அறைகளில்தான் நடக்கிறது. அது செய்தியாவதே இல்லை.

ஸ்லாட் விஷயத்தைப் பாருங்கள். நெரிசலான நிலையங்களில் எந்த விமானம் எந்த நேரத்தில் வரலாம், போகலாம் என்று ஒதுக்குவதற்கான உலகளாவிய வழிகாட்டி நெடுங்காலம் ஐயாட்டாவின் வெளியீடாக இருந்தது. ஓடுபாதை ஒருவருடையது, அதைப் பங்கு போடும் புத்தகம் இன்னொருவருடையது. 2020-ல்தான் ஏ.சி.ஐ., ஐயாட்டா, ஸ்லாட் ஒருங்கிணைப்பாளர்களின் அமைப்பு மூன்றும் சேர்ந்து அதை வெளியிடத் தொடங்கின. சங்கம் என்ன கிழித்தது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

விருதுகளையும் சான்றிதழ்களையும் அளவுக்கு மீறிப் படிப்பது இன்னொரு தவறு. ஏ.சி.ஐ. நடத்தும் சேவைத் தரக் கருத்துக்கணிப்பு, பயணம் செய்யும் நாளன்றே நிலையத்தில் பயணிகளிடம் கேட்டு எடுக்கப்படுவது; அதனால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதில் சேர்ந்த நிலையங்கள் மட்டுமே அந்தப் பட்டியலில் வரும். பட்டியலில் இல்லாத நிலையம் மோசம் என்று அர்த்தமில்லை; சேவையில் முதலிடம் என்றால் பாதுகாப்பிலும் முதலிடம் என்றும் அர்த்தமில்லை. 2009-ல் ஐரோப்பாவில் தொடங்கிய கார்பன் அங்கீகாரத் திட்டமும் அப்படித்தான். அதில் இப்போது 7 நிலைகள் உள்ளன. முதல் நிலை, தன் உமிழ்வைக் கணக்கெடுத்ததற்கு, குறைத்ததற்கு அல்ல. 'நடுநிலை' என்ற படியை எட்டிய நிலையம் என்றால், தன் கட்டுப்பாட்டில் உள்ள உமிழ்வைக் குறைத்து, மீதியை ஈடுகட்டியது என்று பொருள். அங்கிருந்து பறந்து போகும் விமானங்களின் புகை அந்தக் கணக்கில் சேராது. சான்றிதழைப் பார்த்தால் எந்த நிலை என்று கட்டாயம் பாருங்கள்.

உறுப்பினர்கள் செய்யும் தவறுகளும் உண்டு. சந்தாவைக் கட்டிவிட்டு ஒதுங்கியிருக்கும் சிறு நிலையங்கள், பிறகு 'சங்கம் பெரிய நிலையங்களுக்குத்தான்' என்று குறைப்படுகின்றன. குறையில் நியாயம் இருக்கலாம். பல லட்சம் பயணிகள் வரும் இடத்தின் சிக்கலும், ஒரே ஓடுபாதையோடு தினம் சில விமானங்களைப் பார்க்கும் இடத்தின் சிக்கலும் வேறு. ஆனால் குழுவில் ஆள் இல்லாவிட்டால் அந்த வேறுபாடு வரைவில் ஏறாது. உறுப்பினர் யார் என்பதும் சங்கத்துக்குச் சங்கம் மாறும். சில சங்கங்களில் நிறுவனங்கள் உறுப்பினர், அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ.இ. (விமான நிலைய நிர்வாகிகளின் சங்கம்) போன்றவை நிலையங்களில் வேலை செய்யும் தனிநபர்களைச் சேர்ப்பவை. ஸ்கேனர் விற்பவர், கட்டுமான நிறுவனம் போன்ற துணை உறுப்பினர்களும் பல இடங்களில் உண்டு. பயிற்சிக்காகச் சேர்கிறீர்களா, உங்கள் நிலையத்துக்காகப் பேச ஆள் வேண்டுமா என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

அப்புறம், சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் பேசலாம் என்ற நினைப்பு ஆபத்தானது. பாதுகாப்புப் பாடங்களைப் பகிர்ந்துகொள்வது நல்லது, எவ்வளவு பகிர்ந்தாலும் தகும். அடுத்த ஆண்டு நாம் என்ன கட்டணம் வைப்போம் என்று போட்டியாளர்கள் கலந்து பேசிக்கொள்வது பல நாடுகளில் போட்டிச் சட்டத்தை மீறுவதாகும்.

பயணிகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டி காணவில்லை, விமானம் ரத்து, பணம் திரும்ப வரவில்லை என்றால் முதலில் போக வேண்டியது விமான நிறுவனத்திடம். கழிவறை, சக்கர நாற்காலி போகும் பாதை, வழிகாட்டிப் பலகை போன்றவற்றுக்கு அந்த விமான நிலையத்திடம். இருவரும் கைவிட்டால் அந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. சங்கத்துக்கு எழுதும் கடிதம் இவற்றில் எதையும் தீர்க்காது, ஏனென்றால் அதற்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை.