‘அதே அளவு அழுத்துங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

தசையின் விசையையும் மின்சமிக்ஞையையும் சேர்த்து அளக்கப் புதிதாக வருபவர்கள், நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். தோலைத் துடைக்காமல் எலக்ட்ரோடு ஒட்டுவது, வயர் ஆடுவது எல்லாம் இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதை அதே அளவு?

‘அதே அளவு அழுத்துங்கள்’ என்ற ஒரு வாக்கியத்தால் மூன்று வார வேலையைத் தூக்கிப் போட்டேன். வலது கையைக் களைக்க வைத்து, அதற்கு ஈடாக இடது கையால் அழுத்தச் சொல்லும் சோதனை அது. முடிந்தபின் சிலரிடம் விசாரித்தேன். ஒருவர், “வலது கை எவ்வளவு கஷ்டப்படுதோ அவ்வளவு” என்றார். அடுத்தவர், “பிடி எவ்வளவு இறுகுதோ அவ்வளவு” என்றார். ஒருவர் சிரமத்தை ஈடுகட்டியிருக்கிறார், மற்றவர் விசையை. பதிவை வைத்துக்கொண்டு அதைப் பிரிக்க வழியே இல்லை.

களைக்காத கையில் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும். அதனால் ஒத்திகையில் தவறு தெரியாது. களைத்ததும் பிரிந்துவிடும். பழைய விசையைக் காக்க மூளை கூடுதலாகக் கட்டளை அனுப்ப வேண்டும். புதிய மோட்டார் யூனிட்டுகள் (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்த தொகுதிகள்) சேரும், மின்சமிக்ஞையின் வீச்சு ஏறும், விசையோ அப்படியே நிற்கும். சிரமம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் அந்தக் கட்டளையின் அளவைத்தான். ஆகவே சிரமத்தை ஈடுகட்டுபவரின் இடது கை, வலது கையைவிட அதிகமாக அழுத்தும்.

இத்தனைக்கும் அதே வாக்கியத்தை இன்றும் என் காதுபடச் சொல்கிறார்கள்; எரிச்சலாக இருக்கிறது. விசைதான் வேண்டுமென்றால், “இரண்டு கருவியிலும் ஒரே எண் வர வேண்டும், களைப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள்” என்று எழுதிவைத்துப் படியுங்கள். அப்புறம் அழுத்தப் போகிறவரை, அவர் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

உச்ச விசையை ஒரே முறை எடுப்பது

முதல் முயற்சியில் பலரும் முழுதாகக் கொடுப்பதில்லை. உண்மையான உச்சம் 400 நியூட்டன், நீங்கள் பதிந்தது 320 என்றால், பிறகு ‘உச்சத்தில் 30 சதவீதம்’ என்று கேட்பது உண்மையில் 24தான். 3 முறையாவது எடுங்கள். நடுவில் 2 நிமிட ஓய்வு கொடுங்கள், உரக்க ஊக்கப்படுத்துங்கள்.

மின்சமிக்ஞையை விசையாகப் படிப்பது

மூட்டின் கோணம் மாறினாலே இரண்டுக்குமான உறவு மாறிவிடும். கோணத்தைப் பூட்டுங்கள்.

திரையை மறைப்பது

விசையைக் காட்டும் திரையை மறைத்துவிட்டு, அதே விசையில் பிடித்திருக்கச் சொன்னால், சில நொடிகளில் விசை மெல்ல இறங்கும். அழுத்துபவரோ, மாற்றவே இல்லை என்று உறுதியாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை.

0 முதல் 10 வரை எண் கேட்பது

சிரமத்துக்கு எண் கேட்கும் முன், 10 எப்படி இருக்கும் என்று முதலில் அழுத்திப் பார்க்க விடுங்கள்.